என்ன குழம்பு என்று கேட்டவர்

இதை எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். லூர்துராஜைப் பற்றிச் சொல்ல என்னைவிடப் பொருத்தமானவர்கள் இருக்கிறார்கள். அவரோடு கல்லூரியில் படித்தவர்கள், கோயில் பாடற்குழுவில் பாடியவர்கள், ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். நான் அவரோடு வேலை பார்த்தவள், அவ்வளவுதான். எங்கள் அலுவலகத்தில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் என்னிடமும் மைக்கை நீட்டினார்கள். வாங்கி, பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. எழுதினால் ஓரளவு வரும்.

இதைப் படிக்கப்போகிறவர்களில் பலர் லூர்துவைப் பார்த்ததே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அவருடைய குரலை மட்டும் அறிந்தவர்கள் நீங்கள். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

செய்தி வந்தது ஒரு மதிய வேளையில். சிதம்பரம் மேலவீதி பக்கம் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். சாப்பிட உட்கார்ந்திருந்தோம். குழுவின் தலைவர் பிரகாஷ் சார் போனில் பேசிக்கொண்டே வராந்தாவுக்குப் போனார். திரும்பி வந்தவர் உட்காரவில்லை. தன்னுடைய டிபன் பாக்ஸை மூடி வைத்தார். “லூர்து இல்லைம்மா” என்றார். டெங்குக் காய்ச்சல் என்று புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் இருந்தார் லூர்து. தேறிவிட்டார் என்றுதான் முந்தின நாள் சொல்லியிருந்தார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் நிறைய பேர் போன் செய்தார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். சிலர் நேராக, சிலர் சுற்றி வளைத்து. முப்பது வயதுப் பையன், படித்தவன், வேலை இல்லாதவன் என்று பேர் வாங்கியவன் செத்தால் ஊர் முதலில் எதைக் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும். இல்லை. தற்கொலை இல்லை, காய்ச்சலில்தான் போனார். இதை இவ்வளவு வெளிப்படையாக எழுதுவது அவருக்குப் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். சுற்றி வளைத்துக் கேட்பது அவருக்குப் பிடிக்காது.

நான் அவரை முதலில் பார்த்தது கடலூரில், ஒரு பள்ளிக்கூட ஹாலில். வேலை தேடும் இளைஞர்களுக்கு அன்றாடப் பழக்கங்களை ஏற்படுத்தித் தரும் ஒரு செயலியை நாங்கள் அப்போது செய்துகொண்டிருந்தோம். அதன் பெயரே ‘அன்றாடம்’தான். கணினி வேலை பிரகாஷ் சாருடையது. அதில் வரும் தமிழ் வாக்கியங்களை எழுதுவது என் வேலை. “இன்று காலை ஐந்தரை மணிக்கு எழுந்தீர்களா?” என்பது முதல் கேள்வி. ஆம் என்றால் பச்சை டிக். இல்லை என்றால் முகம் சுருங்கிய ஒரு பொம்மை. நான் எழுதிய அந்த வாக்கியம் எனக்கு நன்றாகவே இருப்பதாகத் தோன்றியது.

ஒரு வேலைவாய்ப்பு முகாமில் பெயர் கொடுத்திருந்தவர்களை அந்த ஹாலுக்கு வரவழைத்து, செயலியைப் போனில் போட்டுக் கொடுத்தோம். எல்லோரும் மரியாதையாக “நல்லாருக்கு சார்” என்றார்கள். பின்வரிசையில் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்த ஒருவர் மட்டும் கையைத் தூக்கினார்.

“சார், இந்த ஆப்பு எங்க மாமா மாதிரியே பேசுது. பக்கத்து வீட்லயே இருக்காரு. அவரு ஒருத்தரு பத்தாதா?”

ஹால் சிரித்தது. பிரகாஷ் சாரும் சிரித்துவிட்டு, “சீக்கிரம் எந்திரிக்கிறது நல்ல பழக்கம்தானேங்க?” என்றார்.

“வேலைக்குப் போறவனுக்கு நல்லதுதான். வேலை இல்லாதவன் அஞ்சரைக்கு எந்திரிச்சா பகல்தான் இன்னும் ஜாஸ்தியாவும். அத்த வச்சிக்கிட்டு அவன் இன்னா பண்ணுவான்?”

“கரெக்ட்டு மச்சான்” என்று இரண்டு மூன்று குரல்கள் எழுந்தன.

“அப்போ எதைக் கேக்கலாம், நீங்களே சொல்லுங்க.”

“சோறு தின்னாச்சான்னு கேளுங்க சார். வீட்ல எல்லாரும் உக்காந்து சாப்பிடறப்ப நாங்க போவ மாட்டோம். பசி இல்லம்போம். அவுங்க எந்திரிச்சுப் போனப்புறம் மூணு மணிக்கு உள்ள போயி, சட்டி சத்தம் கேக்காம போட்டுத் தின்னுட்டு வருவோம். அத்த மொதல்ல சரி பண்ணுங்க. காலையில எந்திரிக்கிறதெல்லாம் தானா நடக்கும்.”

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. நான் சுவரோரமாக நின்றிருந்ததால் எல்லோருடைய முகமும் எனக்குத் தெரிந்தது. பலர் கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரை அணைந்த போன்.

அடுத்த மாதமே பிரகாஷ் சார் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார். என்னுடைய ஐந்தரை மணி வாக்கியம் போனது. “மதியம் யாரோடு சாப்பிட்டீர்கள்?” என்பது முதல் கேள்வியாக வந்தது. அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. பழக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எங்களுக்கு உதவி செய்தவர்களே கேட்டார்கள். லூர்துவுக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. வீட்டார் சாப்பிடும் நேரத்துக்குப் போய் உட்கார்ந்தால், யாராவது ஏதாவது ஒரு வேலை சொல்வார்கள். சிலிண்டர் பதிவு பண்ணு, அத்தையை பஸ் ஏற்றிவிட்டு வா, ரேஷன் கடையில் கூட்டம் இருக்கிறதா பார். “கூட நாலு திட்டும் விழும். வாங்கிக்கணும். திட்டுறவங்க கூட உக்காந்து சாப்புட்டவன் மறுநாள் சட்டை மாத்திக்கினு வெளிய போவான்” என்பார். எப்போதும் அப்படி நடந்தது என்று சொல்ல மாட்டேன். பலமுறை நடந்தது.

தினமும் தொடர்ந்து வருபவர்களுக்கு நெருப்புப் படம் போட வேண்டும், ஒரு நாள் விட்டால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போக வேண்டும் என்று சென்னையிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர் சொன்னார். மற்ற செயலிகளில் எல்லாம் அப்படித்தான் இருக்கிறது என்றார். “பூஜ்யத்துல இருந்துதான் சார் அவனுங்க நம்மகிட்ட வரானுங்க. நாம வேற ஒருக்கா அங்கயே கொண்டுபோய் வுடணுமா?” என்று லூர்து கேட்டார். நெருப்புப் படம் வரவில்லை.

எல்லாவற்றிலும் அவர் சொன்னதே சரியாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். நேர்முகத் தேர்வுக்கு முந்தின நாள் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்று நான் சொன்னபோது, பயமுறுத்தாதே என்று கடுமையாக மறுத்தார். பயன்படுத்துபவர்கள் அதைத்தான் முதலில் கேட்டார்கள். யாரோடு பேசினோம், எப்போது பேசினோம் என்று ஒரு நாளும் குறித்து வைக்க மாட்டார். பிரகாஷ் சார் கோபித்துக்கொள்வார். “நாளைக்கு எழுதிடறேன் சார்” என்பார். பழக்கத்தை உண்டாக்கும் செயலியில் வேலை பார்த்த எங்கள் எல்லோரிலும் பழக்கம் உண்டாகாதவர் அவர்தான்.

அவருடைய வேலை போன் செய்வது. செயலியை யார் சில நாட்களாகத் திறக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும். அவர்களை அழைத்துப் பேச வேண்டும். மற்ற நிறுவனங்களில் இதற்கு எழுதி வைத்த வசனம் இருக்கும். நானும் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “தமிழு, நல்லா எழுதியிருக்க. நான் வேற மாதிரி பேசிக்கிறேன்” என்று திருப்பித் தந்துவிட்டார். என் பெயர் தமிழரசி. அவர் தமிழு என்பார்.

ஒருநாள் அவர் பேசுவதைப் பக்கத்து மேஜையிலிருந்து கேட்டேன். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தார். எதிர்முனையில் சேத்தியாத்தோப்புப் பக்கத்துப் பையன். எனக்கும் அந்தப் பக்கம்தான் என்பதால் காது தானாகவே அங்கே போனது.

“மச்சான், நான் லூர்து. வேலையா இருக்கியா?”

“வேலையா இருந்தா உங்க ஆப்புல நான் ஏண்ணா இருக்கப்போறேன்?”

“அதுவும் சரிதான்.”

“அண்ணா, நான் அத்த அழிச்சிட்டேன்.”

“நல்லது பண்ண. போன்ல சும்மா எடத்த அடைச்சிக்கினு இருந்திருக்கும். சாப்டியா?”

“இன்னும் இல்ல.”

“உங்க வூட்ல இன்னா கொழம்பு?”

“தெரியல.”

“போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. நான் லைன்ல இருக்கேன்.”

போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. லூர்து முறுக்கைக் கடிக்காமல் காத்திருந்தார். உள்ளே யாரோ ஒரு பெண் ஏதோ கேட்பதும் அவன் பதில் சொல்வதும் தூரத்தில் கேட்டன. திரும்பி வந்தான்.

“கருவாட்டுக் கொழம்பு.”

“ஐயோ, இங்க எனக்கு முறுக்குடா. அம்மா சாப்ட்டாங்களா?”

“கேக்கல.”

“கேட்டுட்டு வா. நான் லைன்ல இருக்கேன்.”

அந்தத் தடவை அவன் திரும்பி வர வெகுநேரம் ஆனது. லூர்து எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். இணைப்பைத் துண்டிக்கவில்லை. நடுவில் தட்டு வைக்கும் சத்தம், டிவி சத்தம், யாரோ எதற்கோ சலித்துக்கொள்ளும் சத்தம். அவன் வந்து, “அண்ணா, சாப்டுட்டு வரேன், வச்சிடுங்க” என்றான். லூர்து வைத்தார். செயலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பையன் செயலியை மறுபடி போட்டுக்கொண்டானா என்று எனக்கு நினைவில்லை. லூர்துவும் அதைத் தேடிப் பார்க்கவில்லை.

பெண்களிடம் இந்த முறை எடுபடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிதம்பரத்தைச் சேர்ந்த, முதுகலை முடித்த ஒரு பெண்ணிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். “நான்தான் வச்சேன். ரசம். அரைக்கிறது கழுவுறது எல்லாம் நான்தான். வேற எதாவது கேள்வி இருக்கா?” என்று அவள் கேட்டுவிட்டாள். லூர்து சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “தமிழு, இனிமே அவுங்களுக்கு நீ போன் போடு. எனக்குத் தெரியாத ஊரு அது” என்றார்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தெரியாத ஒருவரோடு போனில் பேச வேண்டும் என்றால், அழைப்பதற்கு முன்பு வாக்கியங்களை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பவள். என்னால் முடியாது என்றேன். “பேசணும்னு யாரு சொன்னா? ஒன்னு கேளு. கேட்டுட்டு லைன்ல இரு. அவ்ளோதான் வேலை” என்றார். நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். “இன்று உட்கார்ந்து சாப்பிட்டீர்களா?” என்று கேட்டேன். அதற்குப் பெண்கள் சொன்ன பதில்கள் தனியாக எழுத வேண்டியவை. அந்தக் கேள்வி இப்போது செயலியில் இருக்கிறது. லூர்துதான் சேர்க்கச் சொன்னார்.

அவருடைய வீட்டில் அவருடைய வேலை யாருக்கும் புரியவில்லை. வாரத்தில் ஒருநாள்தான் சிதம்பரம் வருவார். மற்ற நாட்களில் கடலூரில் வீட்டிலிருந்தே போன் பேசுவார். கைலியோடு, காதில் ஹெட்செட்டோடு தெருவில் நடந்துகொண்டே பேசுவார். தெருவில் இருப்பவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்பா இல்லை. அம்மா மேரி அம்மாள். வேலைக்குச் சேர்ந்த அன்று நடந்த பேச்சை லூர்து எங்களுக்கு நடித்தே காட்டினார்.

“இன்னா வேலைடா?”

“போன் பேசுற வேலைம்மா.”

“யார்கிட்ட?”

“வேலை இல்லாதவங்ககிட்ட.”

“வேலை இல்லாதவங்ககிட்ட வேலை இல்லாதவன் பேசுறதுக்கு எவன்டா சம்பளம் குடுப்பான்? கிண்டலா?”

நாங்கள் சிரித்தோம். “சரியா எடுத்துச் சொல்லக் கூடாதா அண்ணா?” என்று நான் பிறகு கேட்டேன். “சொல்லிட்டேன் தமிழு. அவுங்களுக்கு வேலைன்னா காலையில டிபன் பாக்ஸ் எடுத்துக்கினு பஸ் ஏறணும். மெதுவா புரியும், அவசரம் ஒன்னும் இல்ல” என்றார். அவசரம் இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

துக்க வீட்டுக்கு நானும் பிரகாஷ் சாரும் போனோம். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பெயர், அதற்குக் கீழே பி.இ. அதற்கும் கீழே, மற்றவர்களுக்கு உத்தியோகத்தின் பெயர் போடும் இடத்தில், ஒன்றும் இல்லை. பந்தலில் உட்கார்ந்திருந்தபோது லூர்துவின் மாமா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: “தங்கமான புள்ள. வேலைதான் கடைசி வரைக்கும் அமையல.” கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் அழுதுகொண்டுதான் இருந்தார். ஆனால் அந்த ஒரு வாக்கியம் பந்தலில் ஆள் ஆளாகப் போய்க்கொண்டிருப்பதை நான் பார்த்தேன். புதிதாக வந்தவர்களும் போகும்போது அதையே சொல்லிவிட்டுப் போனார்கள்.

மேரி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ அவன்கூட படிச்ச பொண்ணாம்மா?” என்றார்.

“இல்லம்மா. அண்ணாகூட வேலை பாக்குறேன்.”

அவர் என்னையே பார்த்தார். “அவன் எங்கம்மா வேலை பாத்தான்?”

நான் சொன்னேன். என்னால் முடிந்த அளவு சொன்னேன். பிரகாஷ் சார் அடையாள அட்டையைக் காட்டினார். லூர்து மாதாமாதம் வீட்டில் கொடுத்த பணத்தை, படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவி என்று மேரி அம்மாள் இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என் கையைத் தடவிக் கொடுத்தார். “ஆறுதலுக்குச் சொல்றீங்க. நல்லா இருங்க” என்றார்.

கூட வேலை பார்த்தவர்கள் சொன்னால் அது ஆறுதல். அது அவர் தவறில்லை.

பிறகு ஒருமுறை தனியாகப் போனேன். மதியம் தாண்டியிருந்தது. கதவு திறந்திருந்தது. மேரி அம்மாள் சமையற்கட்டில் நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தட்டை மறைக்கப் பார்த்தார். “இப்பதான் பசிச்சுது” என்றார். சுவரில் மணி மூன்று.

லூர்துவிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. இப்போது அவர் பேசியவர்களிடமும் நான்தான் பேசுகிறேன். வாக்கியங்களை ஓட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஒன்றைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். எதிர்முனையில் ஒருவர் எழுந்து வேறு அறைக்குப் போகிறார். அந்த வீட்டின் சத்தங்கள் கேட்கின்றன. அந்த நேரத்தில் எதுவும் பேசாமல் இருக்க எனக்கு வருகிறது. அது அவர் கொடுத்தது.

இவ்வளவும் எழுதியது ஒன்றைக் கேட்பதற்காக. எனக்கு யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாததால் கடைசி வரை தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன்.

லூர்துவின் முப்பதாம் நாள் பூசை அவர்களுடைய பங்குக் கோயிலில் நடக்கிறது. நாளையும் நேரத்தையும் செயலியில் அனுப்புகிறோம். பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. “லூர்து அண்ணா போன்ல பேசுன பசங்க யாராச்சும் வந்தா சேர்த்துப் போடுவீங்களாம்மா?” என்று மேரி அம்மாளிடம் கேட்டேன். “வந்தவங்களுக்குச் சோறு போடாம அனுப்புவாங்களா? ஆனா யாரும்மா வரப்போறாங்க?” என்றார்.

வாருங்கள். அவர் எப்போதாவது உங்களை அழைத்திருந்தால், ஒரே ஒருமுறை அழைத்திருந்தாலும் வாருங்கள். வேலை கிடைத்தவர்கள்தான் வர வேண்டும் என்றில்லை. கிடைக்காதவர்கள் முதலில் வாருங்கள். செயலியை அழித்தவர்களும் வாருங்கள். பந்தலில் நின்று அவரைப் புகழ வேண்டாம். அது மறுபடியும் ஆறுதலாகிவிடும். மேரி அம்மாளிடம் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். லூர்து அழைத்த அன்று உங்கள் வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லுங்கள். லூர்துவின் மாமா பக்கத்தில் இருக்கும்போது சொன்னால் இன்னும் நல்லது.

பிறகு, நீங்கள் சாப்பிட்டீர்களா அம்மா என்று அவரிடம் கேளுங்கள். சாப்பிட்டேன் என்பார். நம்பாதீர்கள். அவர் வந்து பக்கத்தில் உட்காரும் வரை இலையில் கை வைக்காமல் இருங்கள்.